சொல்லிவிட்டு அடங்கும் சத்தம்

உட்காருங்கள், உட்காருங்கள். இதைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் சாய்த்துக்கொள்கிறேன். மேலே வைக்க முடியாது. கண்டக்டரும் அதைத்தான் சொன்னார். "மேல போட்டுருங்கம்மா, எல்லாருக்கும் எடம் வேணும்ல" என்றார். இது போடுகிற சாமான் இல்லை தம்பி என்றேன். "அப்ப இதுக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?" என்று கேட்டார். சிரிக்காமல் கேட்டார். முழு டிக்கெட்டே போடுங்கள், வயதில் உங்களுக்கு மூத்தது என்றேன். போட்டுவிட்டார். மூன்று பேர் சீட்டில் நாம் மூன்று பேர். கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது.

கிடார் இல்லை. பார்க்க அப்படித்தான் இருக்கும். இது பேஸ் கிடார். நாலே கம்பி, கழுத்து நீளம். என் வீட்டுக்காரர் தியோடருடையது. மெல்லிசைக் குழுவில் ஆயுள் முழுக்க இதைத்தான் வாசித்தார். கல்யாண வீடு, கோயில் திருவிழா, கிறிஸ்துமஸ் கச்சேரி. நான் மதுரையில் பெண்கள் கல்லூரியில் தமிழ் நடத்தினேன். யாப்பு என் பாடம். கடைசி பெஞ்சில் ஒருத்தி வெண்பா வாசித்துத் தளை தட்டினால், நான் கரும்பலகையைப் பார்த்தபடியே திருத்துவேன். என் காது தப்பாது. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். இன்று நடந்ததற்கு என் காதுதான் சாட்சி.

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன். சொல்லாவிட்டால் துவரங்குறிச்சி தாண்டுவதற்குள் எனக்கு நெஞ்சை அடைத்துவிடும்.

கல்யாணமான புதிதில் அவர் வாசிப்பது எனக்குக் கேட்கவே கேட்காது. மேடையில் பாடுகிறவர் குரல் கேட்கும், வயலின் கேட்கும், டிரம்ஸ் காதைக் கிழிக்கும். இவர் ஓர் ஓரமாகத் தலையைக் குனிந்துகொண்டு எதையோ தடவிக்கொண்டிருப்பார். கச்சேரி முடிந்து, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். "நல்லா இருந்துச்சு. நீங்க எங்க இருந்தீங்க?" என்றேன். கோபப்படவில்லை. அடுத்த கச்சேரிக்கு முன்னால் என்னை மேடைக்குப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய், ஸ்பீக்கர் பெட்டிமேல் என் உள்ளங்கையை வைத்துவிட்டுப் போனார். பாட்டு ஆரம்பித்தது. தும்.

எப்படிச் சொல்ல? காதுக்கு வருவதற்கு முன்னால் கைக்கு வந்தது. ஒருவர் வீட்டுக்குள் வந்து, நான் வந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்கிற மாதிரி. தும். அவ்வளவுதான். அப்புறம் நீளாது. அதற்குப் பிறகு எந்தக் கச்சேரியிலும் எனக்கு வேறு எதுவும் கேட்டதில்லை. பாடுகிறவர் சுருதி விலகினாரா என்று யாராவது கேட்டால், யார் பாடினார் என்றே எனக்குத் தெரியாது.

அந்தச் சத்தத்துக்கு அவர் என் தலையணையை அறுத்தார், தெரியுமா? எங்கள் அம்மா சீராகக் கொடுத்த ஸ்பாஞ்ச் தலையணை. ஒரு மூலையை பிளேடால் நறுக்கி, கம்பிகள் போய் முடிகிற இடத்தில் அடியில் செருகிவைத்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "சத்தம் நீளக்கூடாது சுகிர்தம். சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டு அடங்கிடணும்" என்றார். மனிதரும் அப்படித்தான். நான் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒன்று பேசுவார். அந்த ஒன்றும் பாதியில் நிற்கும். மூலை இல்லாத தலையணையில் நான் எத்தனை வருஷம் படுத்தேன்.

கம்பியும் மாற்ற மாட்டார். கறுத்து, தொட்டால் கையில் கறை ஒட்டும். குழுவில் எல்லோரும் கேலி செய்வார்கள். "தியோ ஸ்ட்ரிங் மாத்துற அன்னைக்குத்தான்டா ஊர்ல மழை" என்பார்கள். இவர், "புதுசு ரொம்பப் பேசும்டா" என்பார். சோம்பேறித்தனத்துக்கு ஒரு சமாதானம். சட்டையிலும் அப்படித்தான், செருப்பிலும் அப்படித்தான். நான் புதிதாக எதை வாங்கி வந்தாலும் பீரோவில் கிடக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மார்கழியில் கல்யாண முகூர்த்தம் கிடையாது. கிறிஸ்துமஸும் முடிந்துவிட்டால் பொங்கல் வரைக்கும் இவர்களுக்குக் கை சும்மா இருக்கும். அந்த நாட்களில் ஒரு மதியம், திருச்சி மேலப்புதூரில் கஸ்பார் வீட்டு மாடியில் எல்லோரும் கூடுவார்கள். கஸ்பார் இவருடைய கூட்டாளி, லீட் கிடார். என்னைத் தங்கச்சி என்பார், நான் அண்ணன் என்பேன். ஒவ்வொருவரும் தன்னிடம் இருப்பதில் எதை யாருக்கும் தர மாட்டாரோ அதைக் கொண்டுவர வேண்டும். வட்டமாக உட்கார்ந்து, வலப்பக்கம் இருப்பவர் மடியில் தன்னுடையதை வைக்க வேண்டும். இடப்பக்கம் இருப்பவருடையது தன் மடிக்கு வரும். கைமாத்து என்று அதற்குப் பேர் வைத்திருந்தார்கள். அதற்கு ஒரே ஒரு சட்டம். வந்தபடியே வாசிக்க வேண்டும், வந்தபடியே திருப்பித் தர வேண்டும். சுருதி சேர்க்கிற கீயைத் திருகக் கூடாது, எதையும் எடுக்கக் கூடாது, சேர்க்கக் கூடாது. பெண்டாட்டியைக் கூட இப்படிப் பார்த்துக்கொண்டதில்லை என்று கஸ்பார் அண்ணனின் மனைவி பிலோமினா தட்டில் வடை கொண்டுவந்து வைக்கும்போதெல்லாம் சொல்லுவாள்.

இவர் எப்போதும் கஸ்பார் அண்ணனுக்கு இடப்பக்கம்தான் உட்காருவார். அப்போதுதானே இது அவர் மடிக்குப் போகும். வேறு யாரும் தொட்டால் முகம் சுருங்கிவிடும். கஸ்பார் அண்ணன் இதை வாசித்தால், கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், இவரா அவரா என்று சொல்ல முடியாது. என்னாலேயே முடியாது. இவர் மனசுக்குள் சிரிப்பார். "அவன் கைக்கும் பழகிருச்சு" என்பார்.

ஆஸ்பத்திரியிலும் அதைத்தான் சொன்னார். மூக்கில் குழாய் இருந்தது. "பேஸ் கஸ்பார்கிட்ட போகணும் சுகிர்தம். கொண்டுபோய்க் குடுத்துரு." நான் என்ன செய்யப்போகிறேன், எங்கே இருக்கப்போகிறேன், அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு அடங்கிவிட்டார்.

இரண்டு மார்கழி நான் போகவில்லை. கஸ்பார் அண்ணன் போன் செய்வார். கிடாரைப் பற்றிக் கேட்க மாட்டார். "சாப்பிட்டியா தங்கச்சி?" என்பார், வைத்துவிடுவார். எனக்கு மனசு வரவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்திருந்தேன். பழைய கேசட்டுகள் வீடு நிறைய இருக்கின்றன. போட்டுப் பார்த்தேன். கேசட்டில் பாடகர் இருக்கிறார், கைதட்டல் இருக்கிறது, யாரோ இருமுகிறார்கள். இவர் இல்லை. அந்த மைக்குக்கு அடிச்சத்தம் பிடிபடாது என்று இவரே ஒருதரம் சொல்லியிருக்கிறார்.

அப்போதுதான் நினைத்தேன். கூட்டாளி இருக்கிறாரே. போனவருடைய வாத்தியத்தை வீட்டார் கொண்டுவந்தால், அவருடைய கூட்டாளி அதில் ஒரு பாட்டு வாசிப்பார். மற்றவர்கள் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா இருப்பார்கள். அதுவும் அவர்கள் வழக்கம். கஸ்பார் அண்ணன் வாசிக்கட்டும். அந்தத் தும், ஒரே ஒருதரம் கேட்டுவிடலாம். கேட்டுவிட்டு, இந்தாருங்கள் அண்ணே, இனி உங்களுடையது என்று கொடுத்துவிட்டு வெறும் கையோடு வந்துவிடலாம். இவ்வளவுதான் நான் கேட்டது. இது அதிகமா?

கொடுக்கப்போகிறோம் என்றால் சும்மாவா கொடுப்பது? பெண்ணை அனுப்புகிற மாதிரி அனுப்ப வேண்டும் என்று நினைத்தேன். மேலமாசி வீதிப் பக்கம் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். இவர் ஆயுளில் செய்யாததை நான் செய்தேன். மரத்தைத் துடைத்து மெருகு போடச் சொன்னேன். கழுத்தில் விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருந்ததைச் சுரண்டிச் சுத்தமாக்கச் சொன்னேன். நாலு கம்பியும் புதிது, இருப்பதில் உசத்தியானது. கடைக்காரர் கம்பிக்கு அடியில் இருந்து அழுக்காக, பிசுபிசுவென்று எதையோ உருவினார். "மேடம், இதை…" என்று இழுத்தார். பார்த்தேன். என் தலையணை மூலை. இத்தனை வருஷம் கழித்து எவ்வளவு சின்னதாகிவிட்டது. தூக்கிப் போடுங்கள் என்றேன். "பழைய கம்பியைக் கொண்டுபோறீங்களா? சில பேர் வெச்சுக்குவாங்க" என்று காகிதத்தில் சுருட்டிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். புதுக் கம்பியோடு பார்க்க வேண்டுமே அதை. கல்யாணப் பெண்தான். பளபளவென்று. இவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்.

இன்று காலையில் பஸ் பிடித்துப் போனேன். மாடியில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். எல்லோரும் என்றால் கஸ்பார் அண்ணன், கிடார் வாசிக்கிற ரஃபீக், தஞ்சாவூரில் பேஸ் வாசிக்கிற நாகலிங்கம், இன்னும் பேர் தெரியாத சிலர். நான் ஜிப்பைத் திறந்து வெளியே எடுத்தேன். பேச்சே நின்றுவிட்டது. அந்தப் பளபளப்பைப் பார்த்து அசந்துவிட்டார்கள். நாகலிங்கம்தான், "அண்ணி, ஸ்ட்ரிங்கு…" என்று ஆரம்பித்தார். கஸ்பார் அண்ணன் உடனே, "நாகு, கீழ போய் டீ சொல்லிட்டு வா" என்றார். "இப்பத்தானேண்ணே குடிச்சோம்." "இன்னொன்னு குடிக்கலாம். போ." மூத்தவர் என்றால் இப்படியா விரட்டுவது? பாவம், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார்.

கஸ்பார் அண்ணன் மடியில் வாங்கிக்கொண்டார். உடனே வாசிக்கவில்லை. கம்பிகள் முடிகிற இடத்தில், அடியில், விரலை விட்டுத் தடவினார். பையில் சாவி இருக்கிறதா என்று தேடுகிற மாதிரி.

"தங்கச்சி, இங்க ஒரு பஞ்சு இருக்குமே?"

"அழுக்கா இருந்துச்சுண்ணே. எடுத்துப் போட்டுட்டேன்."

"பழைய ஸ்ட்ரிங்கு? வீட்ல எங்கயாச்சும் கெடக்குமா?"

"அது இன்னேரம் குப்பை வண்டியில போயிருக்கும். எதுக்குண்ணே? எவ்வளவு அசிங்கமா இருந்துச்சு."

"ஆமா, ஆமா. சும்மா கேட்டேன்" என்றார். அப்புறம் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். நாலாக மடித்தார். மூக்குத் துடைக்கிற கைக்குட்டையை, மெருகு போட்ட மரத்தில், கம்பிக்கு அடியில் செருகப் போகிறார். எனக்குத் தாங்கவில்லை. "அண்ணே, வந்தபடியே வாசிக்கணும், எதையும் சேர்க்கக் கூடாது. உங்க சட்டம்தானே?" என்றேன். என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "சரிதான் தங்கச்சி" என்று சொல்லிக் கைக்குட்டையைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார்.

இவருக்குப் பிடித்த பாட்டு ஒன்று உண்டு. பேர் சொன்னால் உங்களுக்கும் தெரியும். சொல்ல மாட்டேன், சொன்னால் எனக்கு ராத்திரி முழுக்கக் காதில் ஓடும். அதைத்தான் கஸ்பார் அண்ணன் ஆரம்பித்தார். நான் எழுந்துபோய் ஸ்பீக்கர் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டேன். காத்திருந்தேன்.

டைங்ங்ங்.

சொல்கிறேன் கேளுங்கள். பித்தளைச் சொம்பு படியில் உருளுகிற மாதிரி. ஒன்று முடிவதற்குள் அடுத்தது அதன்மேல் ஏறுகிறது. எல்லாம் சேர்ந்து கூவுகிறது. கஸ்பார் அண்ணன் உள்ளங்கை ஓரத்தைக் கம்பிமேல் அழுத்தி அழுத்திப் பார்க்கிறார், நெற்றியெல்லாம் வியர்வை, அடங்கவில்லை. பாட்டு முடிகிற வரைக்கும் நான் கையை எடுக்கவில்லை. ஒருவேளை கடைசி வரியிலாவது வந்துவிடுவாரோ என்று நினைத்தேன். வரவில்லை. யாரோ வந்தார். இவர் வரவில்லை.

ரஃபீக் மெதுவாக, "அப்படியே தியோ அண்ணன் வாசிச்ச மாதிரி இருந்துச்சு அண்ணி" என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும்? மற்றவரை ஏமாற்றலாம், என் காதையா? "இது அவரு சத்தம் இல்ல" என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். "அண்ணே, ரெண்டு வருஷத்துல நீங்க அவரை மறந்துட்டீங்க."

டீ வாங்கிக்கொண்டு நாகலிங்கம் அப்போதுதான் ஏறி வந்திருந்தார். "அண்ணி, அது அவரு தப்பு இல்ல, அந்த…" என்றார். கஸ்பார் அண்ணன் கையைத் தூக்கினார். நாகலிங்கம் வாயை மூடிக்கொண்டார்.

"தங்கச்சி சொல்றது சரிதான்" என்றார் கஸ்பார் அண்ணன். "என் விரல் போச்சும்மா. சக்கரை வந்ததுலேர்ந்து நுனியெல்லாம் மரத்துக் கெடக்கு. அவன் வாசிப்பு இனிமே எனக்கு வராது."

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. குற்றமுள்ளவர் எப்படிப் பார்ப்பார்?

சரி, சர்க்கரை, விரல் மரத்துவிட்டது, நம்பினேன். கொஞ்ச நேரத்தில் கைமாத்து தொடங்கியது. ரஃபீக்கின் கிடார் சுற்றி அவர் மடிக்கு வந்தது. ஏதோ கேட்டார்கள் என்று வாசித்தார். அந்த விரல் எப்படி ஓடியது என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நீர்ப்பூச்சி தண்ணீர்மேல் ஓடுகிற மாதிரி ஓடியது. மரத்துப்போன விரலாம். அப்போது புரிந்துவிட்டது எனக்கு. வேண்டுமென்றே தரவில்லை. இத்தனை வருஷத்து நட்புக்கு ஒரு பாட்டு மனசு வைத்து வாசிக்க முடியவில்லை.

அதனால் கொடுக்கவில்லை. இதோ, திரும்பக் கொண்டுபோகிறேன். "அவரு உங்ககிட்ட குடுக்கச் சொன்னாரு. எனக்கு மனசு வரலண்ணே" என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். ஆசையோடு இருந்திருப்பார் போல. கழுத்தை ஒருதரம் மேலிருந்து கீழாகத் தடவினார். அப்புறம் அவரே உறையில் போட்டு ஜிப்பை மூடினார். "அவன் பொருள், உன் பொருள்தானே. வெச்சுக்க" என்றார்.

பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் அவரே தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். பிலோமினா வேண்டாம் என்று தடுத்தும் வந்தார். எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும், மூச்சு வாங்கியது. ஆட்டோவிலும் மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டார். நான் பஸ் ஏறின பிறகு ஜன்னல் பக்கம் வந்து நின்றார்.

"தங்கச்சி, இனிமே இதுல எதையும் மாத்தாதே. இப்ப இருக்கிறது இருக்கட்டும். தினமும் கொஞ்ச நேரம் கையால தொடு. வாசிக்கத் தெரிய வேணாம், சும்மா தொடு. நாள்பட நாள்பட சரியாயிடும்."

துக்கத்தைச் சொல்கிறார். ஆறுதல் சொல்கிற மாதிரி. செய்வதையும் செய்துவிட்டு ஆறுதல். சரிண்ணே என்று ஜன்னல் கண்ணாடியை இழுத்துவிட்டேன். பஸ் கிளம்புகிற வரைக்கும் அங்கேயே நின்றார். நான் திரும்பவில்லை. ஓரக்கண்ணால் தெரிந்தது.

மேலூர் வந்துவிட்டதா? விளக்கெல்லாம் போட்டுவிட்டார்கள். பேச்சில் தெரியவில்லை.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. பழைய கம்பி எல்லாம் குப்பையில் போய்விட்டது என்று கஸ்பார் அண்ணனிடம் சொன்னேன் இல்லையா? அது முழுக்க உண்மையில்லை. மூன்றுதான் போயிற்று. தடிமனான ஒன்று இருக்கிறது. எனக்கு அப்போது நினைவே வரவில்லை. அதைக் கம்பியாகவா நினைத்தேன்? கிறிஸ்துமஸுக்கு முன்னால் சமையலறை ஜன்னலில் திரை மாட்டுகிற ஸ்பிரிங் கம்பி அறுந்துவிட்டது. சின்ன ஜன்னல்தான். இதன் ஒரு நுனியில் குண்டாக ஒரு பித்தளை வளையம் இருந்தது, ஆணியில் சரியாக மாட்டிக்கொண்டது. மறுமுனையை முறுக்கி இழுத்துக் கட்டி, திரையைக் கோர்த்துவிட்டேன். கறுப்புதான், துணிக்குள் யார் பார்க்கப்போகிறார்கள்.

சாயங்காலம் காற்று அடித்தால் திரை உப்பிக்கொண்டு போய் ஜன்னல் சட்டத்தில் விழும். அப்போது ஒரு சத்தம் வரும். முதல் நாள் நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அப்படியே நின்றுவிட்டேன். தும். துணி போர்த்தியிருக்கிறதா, நீளாது. சொல்லிவிட்டு அடங்கிவிடும். திரும்பிப் பார்த்தேன், வீட்டில் யாருமில்லை. அதிலிருந்து சாயங்காலமானால் சமையலறையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். புத்தகம்கூட அங்கேதான்.

வயதான காது, மனப்பிரமை என்று நீங்கள் நினைக்கலாம். எனக்குத் தெரியும் அது யார் என்று. என் காது தப்பாது. திரைக்கம்பிக்கு வருகிறது, அந்தக் கஸ்பார் அண்ணன் கைக்கு வரவில்லை பாருங்கள். அதைத்தான் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

ஐயோ, பிடியுங்கள், பிடியுங்கள். வேகத்தடை. உங்கள் முழங்காலில் இடித்துவிட்டதா? கேட்டீர்களா, உறைக்குள்ளேயே எப்படிக் கூவுகிறது. இன்னும் நிற்கவில்லை பாருங்கள். முன் சீட்டில்கூடத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

இருங்கள், கையை வைத்து அடக்குகிறேன்.

மாட்டுத்தாவணியில் இறங்கும்போது இதன் கீழ்ப்பக்கத்தை மட்டும் கொஞ்சம் பிடித்துக்கொடுங்கள். அங்கிருந்து ஆட்டோவில் போய்விடுவேன். சீக்கிரம் போக வேண்டும். சமையலறை ஜன்னல் காலையிலிருந்து மூடியே கிடக்கிறது.